பாண்டும் பிளாங்க் செக்கும் கொடுத்துச் சேர்ந்த வேலை: வெளியே வருவது எப்படி?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், கம்பெனி விவரம் எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 42. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 15 வருடம் மெர்ச்சன்டைசராக, அதாவது வாங்குபவரின் ஆர்டரைச் சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவராக, இருந்தவர். முதலாளியின் சொந்தக்காரப் பையன் அவரிடமே வேலை கற்றுக்கொண்டவன்; அவனை இவருக்கு மேலே கொண்டுவந்து உட்கார வைத்ததும் மனம் விட்டுப்போய், 11 மாதம் முன்பு வேறொரு பெரிய கம்பெனிக்கு மாறினார். 46,000 ரூபாய் சம்பளம் 68,000 ஆனது. பதவியின் பெயர் 'மெர்ச்சன்டைசிங் மேனேஜர்'. சேரும்போது இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இடையில் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கையும், டிகிரி ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

புது இடத்தில் காலை 9 மணிக்கு உள்ளே போனால் இரவு 10 மணிக்குத்தான் வெளியே வருகிறார். ஞாயிறும் மதியம் 2 மணி வரை வேலை. மணிக்கொரு முறை வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டேட்டஸ் போட வேண்டும். டையிங்கிலிருந்து (சாயப்பட்டறை) துணி வந்ததா, பிரின்டிங்குக்குப் போனதா, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) எங்கே என்று எல்லாவற்றுக்கும் போட்டோவோடு பதில் சொல்ல வேண்டும். பையருக்கு (ஆடை வாங்கும் நிறுவனம்) எழுதும் எந்த மெயிலும் ஜி.எம். பார்த்து ஓகே சொன்ன பிறகே போகும். "சாம்பிள் நாளை அனுப்புகிறோம்" என்ற ஒரே வரியை மூன்று முறை மாற்றி எழுத வைத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுப் போன அன்று லொகேஷன் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்து போனைப் பார்க்கிறார். நெஞ்சு இறுக்கமும் இருக்கிறது. காலையில் கம்பெனி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க மனம் வராமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். மாதம் 21,000 ரூபாய் வீட்டுக்கடன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் பத்தாம் வகுப்பு.

அவர் கேட்பது: சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பழைய பி.எஃப்.பை எடுத்து பாண்ட் பணத்தைக் கட்டிவிடலாமா? 11 மாத ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட முடியுமா? பழைய முதலாளி "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். வெட்கத்தை விட்டுத் திரும்பிப் போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு நியமனக் கடிதம், பாண்ட், பழைய கம்பெனியின் கடைசி சம்பள ரசீது மூன்றையும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. அவற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்பட வேண்டாத விஷயங்களுக்குப் பயப்படுகிறீர்கள். கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் 'ஒன்றும் ஆகாது' என்று இருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, உங்களுக்கு வர வேண்டிய பெரிய தொகை ஒன்றைக் கடிதத்தில் எங்கேயும் குறிப்பிடவே இல்லை.

அதற்கு முன் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. தூக்கமில்லாமை, நெஞ்சு இறுக்கம் இரண்டையும் கடிதத்தின் கடைசியில் ஏதோ உபரித் தகவல்போல எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு இறுக்கம் மன அழுத்தத்தால்தான் என்று நீங்களே முடிவு செய்யக்கூடாது. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி., ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நீங்கள் சொன்ன நேரத்தில் சாப்பாட்டு அரை மணியைக் கழித்தாலும் வாரத்துக்கு 80 மணி நேரம் வருகிறது. இரவில் மனம் ரொம்பவும் அலைபாய்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பழைய இடத்தில் காலை 9.30 முதல் மாலை 7 வரை, சாப்பாட்டு அரை மணி போக, ஆறு நாள். வாரத்துக்கு 54 மணி நேரம். அங்கே 46,000 ரூபாய் என்றால் மணிக்குச் சுமார் 196 ரூபாய். இங்கே 80 மணி நேரத்துக்கு 68,000 என்றால், அதுவும் மணிக்குச் சுமார் 196 ரூபாய்தான். சம்பள உயர்வு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் கூடுதல் நேரத்துக்கான கூலி, அதுவும் ஒற்றைக் கூலி. 'இவ்வளவு நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறோமே' என்ற உறுத்தல் இருந்தால் இந்தக் கணக்கை வீட்டில் காட்டுங்கள்.

பாண்ட்: எவ்வளவு பயப்படலாம்?

"பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஒரு பதவிக்கு ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று முறையாகச் செலவு செய்கிறது, இடையில் ஒருவர் போனால் அந்தச் செலவு மறுபடியும் வருகிறது என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

உங்கள் கதை அதுவல்ல. உங்களுக்கு அவர்கள் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. 15 வருட அனுபவத்தோடு போய், மறுநாளே ஆர்டர் பார்க்க ஆரம்பித்தீர்கள். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை என்பது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். ஆகவே 2 லட்சம் முழுவதையும் உங்களிடம் வசூலிப்பது அவர்களுக்குச் சுலபமில்லை. ஒன்றுமே தர வேண்டியதில்லை என்றும் நான் உறுதி சொல்ல மாட்டேன். பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது.

"பாண்ட் முடியும்வரை போக விடமாட்டோம்" என்று ஹெச்.ஆர். சொன்னதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. யாரையும் வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. அதேபோல, வெளியேறிய பிறகு ஒரு வருடத்துக்கு 'இதே பையர்களோடு வேலை செய்யும் கம்பெனியில் சேரக்கூடாது' என்று 14-வது பத்தியில் இருக்கிறதே, அது ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுக்கு முன் நிற்காது. திருப்பூரில் நாலு பெரிய பையர்களைத் தவிர்த்துவிட்டு மெர்ச்சன்டைசிங் வேலை எங்கே தேடுவது? ஆனால் காஸ்டிங் ஷீட் (செலவுக் கணக்கு), டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரம்), பையரின் விலை விவரம் இவற்றை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் நானும் காப்பாற்ற முடியாது. உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஆபீஸ் மெயிலை ஃபார்வர்டு செய்வதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் அலட்சியமாக விட்ட செக்

கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்: "செக்கில் கையெழுத்து மட்டும்தான் சார், தொகை எழுதவில்லை, அதனால் செல்லாது." இங்கேதான் ஆபத்து. கையெழுத்துப் போட்ட செக்கை மனமுவந்து கொடுத்துவிட்டால், மற்ற விவரங்களை இன்னொருவர் நிரப்பியிருந்தாலும் ஒரு கடனுக்காகத்தான் அது கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் தப்பிவிடலாம் என்பதும் தவறு. அப்படித் திரும்பும் செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் (Negotiable Instruments Act) 138-வது பிரிவில் வழக்கு வரும்.

செக் புத்தகத்தை எடுத்து அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜினாமா மெயிலிலேயே, "இந்த எண்ணுள்ள காசோலை, தொகையும் தேதியும் நிரப்பாமல், வேலையில் சேர்ந்த அன்று பாண்டுக்கு ஈடாக மட்டும் கொடுக்கப்பட்டது, அன்றும் இன்றும் எனக்கும் கம்பெனிக்கும் இடையே கடன் ஏதும் இல்லை, டிகிரி சான்றிதழோடு சேர்த்துத் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். இந்த மூன்று வரி பின்னால் பெரிய துணையாக நிற்கும். மீறி அவர்கள் செக்கைப் போட்டு, அது திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள் கெடு. அதற்குள் பதில் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் பிறகு வழக்கோடு வருகிறார்கள்.

டிகிரி ஒரிஜினலை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் ஒரு வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் போலீஸ் புகார். பெரும்பாலும் நோட்டீஸிலேயே வந்துவிடும்.

ஓவர்டைம் வழக்கு

வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் இருமடங்கு கூலி என்பது சட்டம்தான். ஆனால் மேனேஜர், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் என்றால் அந்தப் பாதுகாப்பு வராது. கம்பெனி முதலில் நீட்டுவது உங்கள் பதவிப் பெயரைத்தான். பெயரைப் பார்க்க மாட்டோம், உண்மையில் என்ன வேலை செய்தார் என்று பார்ப்போம் என்பது நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லி வருவது. இதில் ஒரு வேடிக்கை: உங்களை மேனேஜர் என்று எழுதிவிட்டு, ஒரு வரி மெயிலைக்கூடச் சொந்தமாக அனுப்ப விடாத அந்த ஜி.எம்.மே நீங்கள் மேனேஜர் இல்லை என்பதற்கு முதல் சாட்சி. உங்களுக்குக் கீழே ஆள் இல்லை, லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை, தொகைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. வாதம் இருக்கிறது.

ஆனாலும் வழக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் இழுக்கும், பஞ்சிங் ரெக்கார்டு அவர்கள் கையில், ஊரோ சின்ன ஊர். இந்த வாதத்தை பாண்ட் பேச்சுவார்த்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 2 லட்சம் என்று ஆரம்பித்தால் நீங்கள் 11 மாத ஓவர்டைமை மேசையில் வைக்கலாம். அதற்காக வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு டைரியில் தினமும் குறித்து வையுங்கள். உங்கள் போனில் இருக்கும் அந்த வாட்ஸ்அப் குரூப்பையும் அழிக்க வேண்டாம். இரவு 9.40-க்கு வந்த ஸ்டேட்டஸ் கேள்விகள் எல்லாம் அதில் தேதியோடு இருக்கின்றன.

நீங்கள் மறந்துவிட்ட பணம்

பழைய கம்பெனியில் 15 வருடம் 3 மாதம் இருந்திருக்கிறீர்கள். கணக்கு முடித்தபோது கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்ததாக எங்கேயும் எழுதவில்லை. "நானாக விலகியதால் ஒன்றும் கேட்கவில்லை" என்ற வரியை மட்டும் பார்த்தேன். நீங்களாக விலகினாலும் ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உங்களுக்குச் சேர வேண்டியது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் நிரந்தர ஊழியர்களுக்கு இந்த விதி அப்படியேதான் இருக்கிறது.

கடைசி சம்பள ரசீதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 28,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 15 வருடத்தால் பெருக்கினால் 2,42,307 ரூபாய் வருகிறது. உங்களைத் தூங்க விடாமல் செய்யும் பாண்ட் தொகையைவிட அதிகம். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. விண்ணப்பம் போடத் தாமதமானது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது. பழைய கம்பெனி அக்கவுண்ட்ஸுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை எதுவும் வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள். இழுத்தடித்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம்.

பி.எஃப். பக்கம் கை வைக்காதீர்கள். நீங்கள் இப்போது இன்னொரு இடத்தில் வேலையில் இருப்பதால், பழைய கணக்கை முடித்து மொத்தமாக எடுக்கவும் முடியாது. அதே யு.ஏ.என்.னுக்கு (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கீழே புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பத்து வருடச் சேவை தாண்டியவர் என்பதால் 58 வயதில் பென்ஷன் வாங்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. அதைப் புரியாமல் பி.எஃப்.பைக் கலைத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உங்கள் தொழிலில் ஏராளம்.

இருப்பதா, போவதா, திரும்புவதா?

சட்டம் தெரிந்தவன் இதில் முடிவு சொல்ல முடியாது, அபிப்பிராயம் சொல்லலாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஓடிவிட்டால் அது அவர்கள் பக்கம் போய்விடும். முறைப்படி விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் ஆர்டரும் கிடைக்காது.

அங்கேயே இருந்து சரிசெய்ய முடியுமா? ஒரு முறை முயன்று பாருங்கள். ஒரு ஷிப்மென்ட் தவறி, விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் போய்விடும் என்ற பயம் ஜி.எம்.முக்கு இருக்கும், அதில் தப்பில்லை. காலை 11-க்கு ஒன்று, மாலை 6-க்கு ஒன்று என இரண்டு ஸ்டேட்டஸ் ஷீட். வழக்கமான மெயில்களுக்கு ஓகே தேவையில்லை, விலை, தேதி மாறும் மெயில் மட்டும் பார்வைக்கு வரும். இப்படி எழுதிக் கொடுத்துச் சில வாரம் கேளுங்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து லொகேஷன் கேட்கும் ஆள் மாறுவார் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டீர்கள் என்பது மெயிலில் பதிவாகும்.

பழைய இடத்துக்குத் திரும்புவதில் வெட்கத்துக்கு ஒன்றுமில்லை. என் தயக்கம் வேறு. நீங்கள் கிளம்பியதற்குக் காரணமான அந்தச் சொந்தக்காரப் பையன் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறானா? கடிதத்தில் பழைய இடத்தின் டீ, சீக்கிரம் வீடு திரும்பியது, முதலாளியின் தன்மை எல்லாம் வருகிறது. இவன் ஒரே ஒரு வரியில் வந்து போகிறான். 11 மாதக் கஷ்டம் பழைய கஷ்டத்தை மறக்கடித்திருக்கிறது. போவதானால் யாருக்குக் கீழே, என்ன பதவி, என்ன சம்பளம் என்று பேசி, ஆஃபர் கடிதம் வாங்கிய பிறகு போங்கள். மறுபடி சேர்ந்தால் அது புதுச் சேவை, கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். "அதெல்லாம் பழைய சர்வீஸோடு சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பழைய கிராஜுவிட்டியை முதலில் வாங்கிவிடுங்கள், அல்லது சேவைத் தொடர்ச்சியை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த இரண்டு கம்பெனிதான் உலகம் என்பதும் இல்லை. பையர்களுக்காக இங்கே கொள்முதல் பார்க்கும் பையிங் ஆபீஸ்கள் இருக்கின்றன, உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் கையில் ஆஃபர் இல்லாமல் விடாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது உங்கள் ஊரில் ஆர்டர்கள் எப்படி நின்றன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மனைவியின் சம்பளத்தில் வீட்டுக்கடன் போனால் பெரிதாக மிஞ்சாது. மருத்துவர் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னால் மட்டும் இந்த வரிசையை மாற்றுங்கள். அப்போது கிராஜுவிட்டித் தொகை சில மாதம் தாங்கும்.

அடுத்த முப்பது நாள்

நியமனக் கடிதத்தின் 9-வது பத்தியைப் படித்தீர்களா தெரியவில்லை. உங்களுக்கு ஒரு வருடம் புரொபேஷன் (தகுதிகாண் காலம்). அந்தக் காலத்தில் 30 நாள் நோட்டீஸ் போதும். கன்ஃபர்ம் ஆன பிறகு 60 நாள். நீங்கள் இப்போது 11 மாதம் முடித்திருக்கிறீர்கள், 30 நாள் நோட்டீஸில் விலகும் வாய்ப்பு இன்னும் ஒரு மாதம்தான். ஆகவே ஸ்டேட்டஸ் ஷீட் யோசனையை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். கிராஜுவிட்டி விண்ணப்பத்தையும் இந்த வாரமே கொடுங்கள். வேலை தேடுவதை இன்றே தொடங்குங்கள்.

விலகுவது என்று முடிவானால் ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், வாய்மொழி போதாது. பாக்கிச் சம்பளத்தை, ராஜினாமா செய்தவருக்கும், இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது இப்போது நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு. அதில் மேனேஜர்களும் அடக்கம். பி.எஃப்.பில் விலகிய தேதியை அவர்கள் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இதற்குள் கன்ஃபர்மேஷன் கடிதம் என்று ஏதாவது நீட்டினால் நின்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது பக்கத்தில் புது பாண்ட் இருக்கக்கூடும். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.